நாக்கு மறைத்தது

கோவில்பட்டியில் ஜெபசிங் என்று ஒரு பெயின்ட் கடைக்காரர் இருந்தார். மிகவும் கனத்த உடம்பு. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. அவருடைய இதயம் உழைப்புக்கு அஞ்சியதில்லை. அவர் தூங்குவதற்குத்தான் அஞ்சியது.

அவர் கண்ணயர்ந்ததும் நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். மூச்சு உள்ளே வர வழியில்லாமல் நிற்கும். இதயம் அடித்துக்கொண்டு மூளையை எழுப்பும். பெரிய குறட்டையோடு மூச்சு உள்ளே விழும். மறுபடி அடைக்கும்.

"கொஞ்சம் விலகிப் படுக்கக் கூடாதா?" என்று இதயம் கேட்டது.

"கழுத்தைச் சுற்றி இவ்வளவு சதை அழுத்துகிறது. தூக்கத்தில் நான் என்ன செய்வேன்?" என்றது நாக்கு.

"விழித்திருக்கும்போது டாக்டரிடம் சொல்லலாமே. பேசத் தெரிந்தது நீ மட்டும்தான்."

சிறு வயதிலிருந்தே, பிறர் கேலி செய்வதற்குள் தானே ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைத்துத் தப்பித்துப் பழகியது நாக்கு.

டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோதும், "படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது டாக்டர்," என்றது.

மனைவி ஹெலன் விடவில்லை. "இல்ல டாக்டர், மூச்சு நின்னு நின்னு வருது. நான்தான் தட்டி எழுப்புறேன். பகல்ல கடையில உட்கார்ந்தபடியே தூங்கிடுறாங்க."

சோதனைகளுக்குப் பிறகு, முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் கருவி ஒன்றை டாக்டர் கொடுத்தார். "இது இல்லாம தூங்காதீங்க. இதயம் ரொம்பக் களைச்சிருக்கு."

சில வாரங்கள் மூச்சு தடையில்லாமல் போய்வந்தது. இதயத்துக்கும் ஓய்வு கிடைத்தது.

பிறகு மைத்துனர் மகளின் கல்யாணம் வந்தது. மண்டபத்தில் ஆண்களுக்கு ஒரே அறை. ஹெலன் கருவிப் பையை அவர் கையில் கொடுத்து, "மறக்காம மாட்டிக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் பெண்கள் அறைக்குப் போனாள்.

"எடுக்கச் சொல்," என்று இதயம் கெஞ்சியது.

"இத்தனை பேர் முன்னாலா? சிரிப்பார்கள். இன்று ஒருநாள்தானே," என்றது நாக்கு.

விளக்கை அணைத்தார்கள். நாக்கு சரிந்தது. இதயம் அடித்துக்கொண்டது; மூச்சு விழுந்தது. "லாரி மேடு ஏறுது," என்றான் ஒருவன். அறையே சிரித்தது. மறுபடி அடைத்தது. இதயம் இன்னொரு முறை எழுப்பிப் பார்த்தது, தடுமாறியது, நின்றுவிட்டது.

"அப்பாடா, அடங்கிட்டாரு," என்று யாரோ சொல்ல, எல்லோரும் புரண்டு படுத்துத் தூங்கினார்கள்.