பேட்ச் ஃபைலின் முதல் வரி

பொள்ளாச்சியில் ஒரு கயிறு கம்பெனி. அங்கே மேனேஜர் ஞானவடிவேலு உள்ளே வந்தால் பிரிண்டர்கூட மூச்சு விடாது. சரக்குப் பட்டியல் மொத்தத்தையும் ஒரே தட்டில் அச்சடிக்க, கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிவரியாக அடுக்கி அவரே ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, பட்டியல்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்திருந்தார். வேறு ஃபோல்டரில் நின்று அதை ஓட்டினால் மட்டும் அங்கே கிடக்கும் கண்டதையும் அச்சடித்துத் தள்ளும்.

அன்றைக்கு முதலாளி கேட்டது சரக்குப் பட்டியல். வந்தது கேன்டீன் மெனு.

"ஆப்பரேட்டர் செண்பகவல்லிக்கு ஓட்டத் தெரியலைங்க, வேலையை விட்டுத் தூக்கிடலாம்," என்றார் மேனேஜர். "என் ஃபைல் எங்கே நின்னு ஓட்டினாலும் ஓடுமுங்க!"

"அப்படீங்களா சார்? உங்க சொந்த ஃபோல்டர்ல நின்னே ஓட்டிக் காட்டுங்களேன்," என்றாள் செண்பகவல்லி.

மீசையை முறுக்கிக்கொண்டு ஓட்டினார். பிரிண்டர் பதினாறு பக்கம் துப்பியது. முதலாளி கண்ணாடியை மாட்டி உரக்கப் படித்தார்.

"எங்கள் மேனேஜர் ஒரு சிங்கம். சிறந்த மேலாளர் விருதை அவருக்கே கொடுங்கள். இப்படிக்கு, ஊழியர்கள்."

"மிஷின் கோளாறுங்க!" என்றார் மேனேஜர் அவசரமாக. "முடிஞ்சா அந்தப் பொண்ணை இங்கே இருந்தே பட்டியலை எடுக்கச் சொல்லுங்க!"

செண்பகவல்லி ஃபைலின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்து, அதே ஃபோல்டரில் நின்று ஓட்டினாள். சரக்குப் பட்டியல் சுடச்சுட வந்தது.

"அப்படி என்னம்மா எழுதினே?" என்றார் முதலாளி.

"இத்தனை நாளா ஃபைல் தன் சொந்த ஃபோல்டரை விட்டுட்டு, கூப்பிட்டவங்க நிக்கிற இடத்துலயே தேடிட்டு இருந்துச்சுங்க. 'முதல்ல உன் வீட்டுக்குப் போ, அப்புறம் வேலையைப் பாரு'ன்னு எழுதினேன்."

முதலாளி பதினாறு பக்கத்தையும் மடித்து மேனேஜர் கையில் கொடுத்தார்.

"உங்களுக்கு அந்த வரியில முதல் பாதி போதுமுங்க."