மின்நிலையத்தின் பின்பக்கம்

துறவியாகும் முன் அருணகிரி சாமி, மலையடிவாரத்து நீர்மின் நிலையத்தில் பதினோரு வருஷம் எந்திரம் ஓட்டியவர். அவருடைய சீடர் மாசானத்துக்கு அவரைவிடப் பத்து வயது கூட. அதனால் குருவே சீடரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டவர் மாசானம். அவள் போன பிறகு ஆசிரமத்துக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் காலை மகள் முப்பிடாதி போனில் அழுதாள். தலைப்பிரசவம். நாள் நெருங்கிவிட்டது. அப்பா வந்து கூட இருந்தால் போதும் என்றாள்.

மாசானம் குருவிடம் வந்து உட்கார்ந்தார்.

"நான் போகலை சாமி."

"ஏன் அண்ணாச்சி?"

"இருந்ததையெல்லாம் அவ அம்மாவுக்கே கொடுத்துட்டேன். இனி இன்னொருத்தரைப் பார்த்துக்க எங்கிட்ட என்ன இருக்கு? வெறும் சக்கை."

குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்."

மின்நிலையத்தில் பழைய சிநேகிதர்கள் உள்ளே விட்டார்கள். காலடியில் தரை அதிர்ந்தது. குரு மாசானத்தின் காதோரம் குனிந்து சத்தமாகப் பேசினார்.

"மேலே அணையிலேர்ந்து குழாய் வழியா தண்ணி விழுது. விழுற வேகத்துல சக்கரம் சுத்துது. அதோட சேர்ந்து பெரிய காந்தமும் சுத்துது. காந்தத்தைச் சுத்தியிருக்கற செப்புக் கம்பியில கரண்ட் பிறக்குது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீர் அங்கே கால்வாயில் வெளியேறிக்கொண்டிருந்தது.

"அள்ளிக் குடிங்க அண்ணாச்சி."

மாசானம் தயங்கினார்.

"கரண்ட் எடுத்த தண்ணியில சத்து இருக்காதும்பாங்களே, எங்க ஊர்ல."

குரு சிரித்துவிட்டார். "குடிச்சுட்டுச் சொல்லுங்க."

குடித்தார். இன்னொரு கையும் அள்ளிக் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"தண்ணியாத்தான் இருக்கு. சில்லுன்னு."

"மேலேர்ந்து எவ்வளவு வந்துச்சோ அவ்வளவும் இங்கே வருது. சொட்டுக் குறையலை."

மாசானம் நிமிர்ந்து, மலையேறிப் போகும் மின்கம்பிகளைப் பார்த்தார்.

"இத்தனை ஊருக்கு விளக்கு எரியுதே சாமி. அப்ப இது எதைத்தான் கொடுத்துச்சு?"

"விழுந்த உயரத்தை மட்டும்."

மாசானம் கால்வாய் ஓரத்தில் குந்தி, ஓடும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இனி எங்கே போகும் சாமி?"

குரு அவர் தோளில் கைபோட்டார்.

"கீழே நாத்து நட்டிருக்காங்க அண்ணாச்சி."

மாசானம் எழுந்தார். ஆசிரமத்துப் பாதையை விட்டுவிட்டு, மகள் ஊருக்குப் போகும் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.