பிச்சை உட்காரும் இடம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

ஞானம் வேண்டுமென்றால் ஜனங்கள் மலை ஏறுவார்கள். தூத்துக்குடியில் பாஸ் கிட்டார் கற்க வேண்டுமென்றால் ஒரு டயர் கடையின் மாடி ஏறினால் போதும். அங்கே ஷெரின் டீச்சர் இருப்பார். சென்னை ஸ்டுடியோக்களில் ஆறு வருடம் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அதைவிடக் குறைவு.

சீடரின் பெயர் அருமைராஜ். எல்லாருக்கும் ராஜ் அண்ணன். கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் லைட் மியூசிக் ட்ரூப்பில் பத்தொன்பது வருடமாக பாஸ் அவர்தான். எல்லாம் கேள்வி ஞானம். இப்போது சர்ச் கொயரில் இசைக்குறிப்பு நோட்டைப் பார்த்து வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, தன் மகளைவிடச் சற்றே பெரியவளான ஒருத்தியிடம் வியாழக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி வந்தார்.

"டீச்சர், ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணே."

"மேடைக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கணும். ஆம்ப் நூறு வாட்ஸ் போதுமா, முந்நூறு வேணுமா?"

ஷெரின் ஒரு கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்குக் கேக்கணும்?"

"பிச்சைக்கு."

மைதீன் பிச்சை அதே ட்ரூப்பின் தபலாக்காரர். பத்தொன்பது வருடமும் மேடையில் ராஜ் அண்ணனுக்குப் பக்கத்து இடம் அவருடையது. பாஸும் தபலாவும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒன்று முறைத்துக்கொண்டால் வீடே நாறிப்போகும். போன மாதம் திருச்செந்தூரில் ஒரு ரிசப்ஷன். பிச்சை இரண்டு பாட்டுகளில் தாளம் விட்டார். ராஜ் அண்ணன் மேடையிலேயே திரும்பி, மைக்கில் விழும்படி, "ஏல, தூங்குதியா?" என்று கேட்டுவிட்டார். முன்வரிசை சிரித்தது. பிச்சை சிரிக்கவில்லை.

மறு வாரம் பிச்சை வரவில்லை. முதுகு வலி என்று ட்ரூப்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு அடுத்த வாரம், முதுகு வலிக்காரர் ஆறுமுகநேரியில் வேறொரு ட்ரூப்போடு உட்கார்ந்து வாசிப்பதை ராஜ் அண்ணன் தன் கண்ணால் பார்த்தார். அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் யோசிச்சிப் பாத்துட்டேன் டீச்சர். என் பாஸ் அவனுக்குச் சரியாக் கேக்கல. அதான் தாளம் விட்டான். எனக்கே என் வாசிப்பு கேக்க மாட்டேங்குது, அவனுக்கு எப்படிக் கேக்கும்? பெரிய ஆம்பா வாங்கி வச்சிட்டேன்னு வைங்க, நல்லாக் கேக்கும். கேட்டா வந்துருவான்."

"மண்டபத்துக்குச் சத்தம் எங்கிருந்துண்ணே போகுது?"

"மிக்ஸர்லேருந்து. என் ஆம்ப்லேருந்து ஒரு வயர் மிக்ஸருக்குப் போகும். ஜனங்களுக்கு அதுல கேட்டுரும்."

"அப்போ மேடையில இருக்க அந்தப் பெட்டி யாருக்கு?"

"அதான் சொல்லுதேனே, பிச்சைக்கு!"

ஷெரின் கம்பியை முறுக்கினார். ராஜ் அண்ணன் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இறங்கிப் போனார்.

புதன்கிழமை மறுபடியும் வந்தார். இப்போது கேள்வி வாட்ஸில் இல்லை. பத்து இஞ்ச் ஸ்பீக்கரா, பன்னிரண்டா, பதினைந்தா? ஒருவன் வீடியோவில் பத்துதான் தெளிவு என்கிறான், இன்னொருவன் பதினைந்துதான் அடி வயிற்றைத் தொடும் என்கிறான். சீடர் அறையின் குறுக்கே நடந்துகொண்டே பேசினார். ஜன்னலைத் திறந்தார். சாத்தினார்.

"உக்காருங்கண்ணே."

"உக்கார நேரமில்ல டீச்சர். கடைக்காரன் ஆறு மணிக்குச் சாத்திருவான்."

வியாழக்கிழமை வகுப்பில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியை ஏழு முறை தப்பாக வாசித்தார். அவ்வப்போது பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பிச்சையின் நம்பரைத் தொடப் போவார், தொடமாட்டார். இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு முந்நூறு வாட்ஸ் தேடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டயர் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் ஒரு கறுப்புப் பெட்டியை முக்கி முனகி மாடிக்குக் கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ராஜ் அண்ணன், கல்யாண மாப்பிள்ளை முகத்தோடு.

"முந்நூறு வாட்ஸ். பதினஞ்சு இஞ்ச். ரெண்டு நாள் வச்சிப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னு கொடுத்திருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிச்சிருவேன்."

ஷெரின் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். நல்ல பெட்டிதான். அவர் முகத்தில் அது தெரிந்தது.

"மேடையில எப்படி நிப்பீங்களோ அப்படி வைங்க."

ராஜ் அண்ணன் பெட்டியைச் சுவரோரமாகத் தரையில் வைத்தார். அதற்கு முன்னால், இரண்டு கை தூரத்தில், நின்றுகொண்டார். கிட்டாரை மாட்டினார். சத்தக் குமிழைப் புள்ளி புள்ளியாகக் கூட்டிப் பார்த்தார். கீழே டயர் கடையில் யாரோ என்னவோ கத்தினார்கள்.

"இப்பவும் கொஞ்சம் பத்தாத மாதிரிதான் இருக்கு டீச்சர். கூட்டமும் ட்ரம்ஸும் சேர்ந்தா முங்கிரும். இன்னும் ரெண்டு புள்ளி வைக்கணும்."

வைத்தார்.

"சரிண்ணே. பிச்சை அண்ணன் எங்க உக்காருவாரு?"

"இந்தா, இங்க. என் இடது கைப் பக்கம். பலகை போட்டு."

ஷெரின் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து அந்த இடத்தில் விரித்தார். ராஜ் அண்ணனின் கழுத்திலிருந்து கிட்டாரைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார்.

"உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"பிச்சை அண்ணன் மாதிரி உக்காருங்க. சம்மணம் போட்டு."

முழங்கால் முறுமுறுக்க ராஜ் அண்ணன் உட்கார்ந்தார். தபலா இருப்பதாக நினைத்துக் கையைக்கூட வைத்துக்கொண்டார். பெட்டி இப்போது அவர் முதுகுக்குப் பின்னால், பிடரி உயரத்தில் இருந்தது.

ஷெரின் அவர் பக்கத்தில் நின்று வாசிக்க ஆரம்பித்தார். திருச்செந்தூரில் தாளம் தவறியதாக அவர் சொல்லியிருந்த இரண்டு பாட்டுகளில் ஒன்றின் பாஸ். ஒரு புள்ளி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

முதல் நோட்டில் ராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் பல் கூசியது. நாலாவதில், தொடையில் தட்டிக்கொண்டிருந்த தாளம் எங்கே போனது என்று தெரியவில்லை. தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி இருந்தது.

"டீச்சர், குறைங்க."

ஷெரின் கம்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்! குறைங்க டீச்சர்!"

அவர் கால் தாளம் போட்டது. தலை லேசாக ஆடியது. அனுபவித்து வாசிக்கிறார் என்று தெரிந்தது.

ராஜ் அண்ணன் இடது தோளைத் திருப்பினார், தலையைச் சாய்த்தார், காதை மேல்கையில் தேய்த்தார். மூன்றாம் முறை தொண்டை கிழியக் கூப்பிட்டார். பிறகு கையை நீட்டி வயரைப் பிடுங்கிவிட்டார்.

அறை அமைதியானது. கீழே டயர் கடையும் அமைதியாக இருந்தது.

ஷெரின் குனிந்து பார்த்தார். "என்னண்ணே, எனக்கு நிக்கிற இடத்துல கொஞ்சம் பத்தாத மாதிரி இருந்துச்சு. ரெண்டு புள்ளி கூட்டலாம்னு பாத்தேன்."

ராஜ் அண்ணன் கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். பாயிலிருந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு ஷெரினின் காலைப் பார்த்தார். ஸ்பீக்கர் அவருடைய கெண்டைக்காலுக்கு நேராக இருந்தது.

"இப்படித்தான் உக்காருவான்," என்றார் கடைசியில். "தோளைத் திருப்பிக்கிட்டு. ரெண்டு வருஷமா. நான் இப்ப வச்சிருக்க ஆம்ப் வாங்கினதுலேருந்து. இவனுக்கு என்ன வந்துச்சு, முகத்தைத் திருப்புதானே, திமிரான்னு நெனச்சேன்." காதைத் தடவினார். "திருச்செந்தூர்ல காதுல பஞ்சு வச்சிருந்தான் டீச்சர். சளி புடிச்சிருக்கும்னு விட்டுட்டேன்."

பஞ்சு வைத்த காதில் தாளம் எப்படி நிற்கும்? அதை அவர் சொல்லவில்லை. முகம் சொல்லியது. ஐம்பத்து மூன்று வயது மனிதர் பாயில் உட்கார்ந்து, அழாமல் இருப்பதற்காக மாடி அறையின் கூரையைப் பார்ப்பது சங்கடமான காட்சி. ஷெரின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பியவர், மூலையில் இருந்த தன்னுடைய பழைய காம்போ ஆம்பை ஒரு கையால் தூக்கி வந்தார். பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர், சின்னப் பெட்டி. அதை ஒரு இரும்பு நாற்காலியின் மேல் வைத்து, வாய் சற்று மேலே பார்க்கும்படி சுவரில் சாய்த்தார். வயரை மாற்றினார். கிட்டாரை நீட்டினார்.

"எந்திரிச்சி வாசிங்க."

அவர் எழுந்து வாசித்தார். சத்தம் கால் பங்குதான் இருந்தது. ஒவ்வொரு நோட்டும் காதில் வந்து நின்றது.

"எனக்கே கேக்குதே," என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

கிட்டாரைக் கழற்றி ஷெரினிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் பாயில் போய் உட்கார்ந்தார். வேறு யாராக இருந்தாலும் எழுந்து கடைக்கு ஓடுகிற நேரத்தில் அவர் உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஷெரின் வாசித்தார். ராஜ் அண்ணன் தொடையில் தட்டினார். பாட்டு முடியும்வரை தாளம் தவறவில்லை.

"அப்போ இந்த மாதிரி ஒண்ணு வாங்கிரட்டா டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னே யாருக்குத் தெரியும்?"

"கடைக்குப் பிச்சை அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. அவரு தரையில உக்காரட்டும். நீங்க வாசிங்க. எந்தப் பெட்டிக்கு அவரு தோளைத் திருப்பாம இருக்காரோ, அதை வாங்குங்க."

ராஜ் அண்ணன் போனை எடுத்தார். நம்பர் திரையில் வந்து நின்றது. கட்டைவிரல் அதன் மேல் நின்றது. அங்கேயே நின்றது.

"வருவானா?"

ஷெரின் வயரைச் சுருட்டினார்.

"அத்தனை பேர் முன்னால தூங்குதியான்னு கேட்டுட்டேன். நான் போன் போட்டா எடுப்பானா?"

வயர் சுருட்டி முடிந்தது.

போனைப் பாயில் கவிழ்த்து வைத்தார். குரலில் திடீரென்று ஒரு விறைப்பு வந்தது. குற்றம் தாங்க முடியாதபோது நம் எல்லாருக்கும் வருவதுதான்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். தப்பு எம்மேல மட்டுமா? ரெண்டு வருஷம். வாரம் ரெண்டு கச்சேரி. பக்கத்துலதான நிக்கேன்? ஏல ராஜு, சத்தம் தாங்கல, குறைடான்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லா?"

ஷெரின் அவர் எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார்.

"இப்போ நீங்க எங்கிட்ட எத்தனை தடவை சொன்னீங்கண்ணே?"

"மூணு தடவை."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

ராஜ் அண்ணன் பாயை விட்டு எழுந்திருக்காமலே போனைத் திருப்பி எடுத்தார்.