மயில்சாமியின் சம்பளப் பிடித்தம்

காங்கேயத்து அரிசி ஆலை முதலாளி தெய்வசிகாமணியிடம் ஒரு பழைய வெளிநாட்டுச் சொகுசு வண்டி இருந்தது. வண்டியைத் தாங்கி நிற்கும் காற்றடைத்த சஸ்பென்ஷன் ஒழுகத் தொடங்கியதிலிருந்து, நிறுத்தினால் அது களைத்த யானை போல மெல்ல முட்டி போட்டுவிடும். சரிசெய்ய ஒர்க்‌ஷாப்பில் இரண்டு லட்சம் கேட்டார்கள்.

“நீ ஓட்டித்தான் கெட்டுது. மாசாமாசம் உன்ற சம்பளத்துல பிடிச்சுக்குவேன்,” என்றார் முதலாளி, தன் டிரைவர் மயில்சாமியிடம்.

“வண்டிக்கு வயசாயிருச்சுங்க.”

“வாயை மூடு.”



மறுநாள் வண்டியை விலை பேச ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர் வந்தார். அதற்குள் முதலாளி என்ஜினை ஓடவிட்டு, காற்றேற்றி, வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தார்.

“இதுவரைக்கும் ஒரு ரிப்பேரும் வந்ததில்லைங்க. வேணும்னா டிரைவரையே கேளுங்க.”

மயில்சாமி கைகட்டி நின்றான். “முதலாளி சொன்னாச் சரிதானுங்க. அப்ப என்ற சம்பளத்துல எதுவும் பிடிக்க வேண்டியதில்லைங்களே?”

தெய்வசிகாமணி வியாபாரியைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார்.

“உன்ற சம்பளத்தை எவன்டா பிடிப்பான்? முழுசா வாங்கிக்க!” என்று பலமாகச் சிரித்தார்.

“ஐயா, நீங்கதானுங்க சாட்சி,” என்றான் மயில்சாமி வியாபாரியிடம்.

“தாராளமாச் சொல்றேன்,” என்ற வியாபாரி, பணப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “ஏனுங்க முதலாளி, எந்த ரிப்பேருக்குப் பிடிக்கறதா இருந்தீங்க?”