பிடியை விட்ட பலகை

ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஒரு கட்டில் நான்கு அட்டைப் பெட்டிகளில் வந்து சேர்ந்தது. மேலே ஒருவர், கீழே ஒருவர் படுக்கிற இரட்டைக் கட்டில். மேல் தளத்தில் ஆறு வயது ஜெனி படுப்பாள். அவளுக்கு நேர் கீழே இரண்டு வயதுத் தம்பி.

மேல் தளத்தைத் தாங்க இரண்டு நீளப் பலகைகள் இருந்தன. இரண்டும் மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திச் செய்தவை. மேலே தேக்கு நிறத்தில் காகிதம் ஒட்டி மினுக்கியிருந்தார்கள். கூடவே வந்த திருகாணிகள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். பளபளப்புக்கு மட்டும் குறைவில்லை.

கட்டிலைப் பூட்ட வந்த பாண்டித்துரைக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து வீடுகள் பாக்கி. ஒவ்வொரு திருகாணியையும் திருப்புளியால் திருகிக்கொண்டிருந்தால் வேலை முடிந்த மாதிரிதான். அதனால் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருகுவான். பார்க்கிறவர்களுக்கு முழுக்கத் திருகியது போலத்தான் தெரியும்.

எதிர்ப் பலகை வாயைத் திறக்காமல் அடியை வாங்கிக்கொண்டது. இந்தப் பக்கத்துப் பலகைக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அதன் உள்ளே தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இப்படி அடித்தால் திருகாணி பிடித்து நிற்காது," என்றது சுத்தியலிடம்.

"உன்னை யார் கேட்டது? வெறும் தூள் நீ. உனக்கு இது போதும்."

"தேக்காக இருந்தால் எதை அடித்தாலும் கவ்விக்கொள்வேன். தூள் என்பதால்தான் நல்லதாகக் கேட்கிறேன்."

சுத்தியல் சிரித்தது. திருகாணி ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடுவதைப் பார்த்த பாண்டித்துரை, ஒரு தீக்குச்சியை ஒடித்து உள்ளே திணித்தான். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முனகிக்கொண்டே தீக்குச்சி உள்ளே போனது. கட்டில் ஒருவழியாக நின்றது.

"முடிஞ்சுதுக்கா. இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க," என்று ஜெனியின் அம்மா எஸ்தரிடம் காகிதத்தை நீட்டினான்.

எதிர்ப் பலகை மெல்லக் குரல் கொடுத்தது. "கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அவன் கிளம்பிவிடுவான். அப்புறம் விழுந்தால் நம்மேல் தப்பில்லை."

"அப்புறம் விழும்போது மேலே ஜெனி இருப்பாள். கீழே தம்பி இருப்பான்."

"இப்போது விழுந்தால் உன்னைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்."

"போடட்டும்," என்றது பலகை. அதற்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னது.

எஸ்தர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவள். எதையும் தொட்டுப் பார்க்காமல் அவளுக்குக் கையெழுத்து வராது. பலகையின் மேல் கையை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினாள். அந்த நொடியே பலகை கழன்று தடாலென்று விழுந்தது. திருகாணி, தீக்குச்சி, தூள் எல்லாம் தரையில் கொட்டின.

"பலகை சரியில்லக்கா. தூள் பலகைன்னா இப்படித்தான். வேற மாத்தித் தரச் சொல்றேன்," என்றான் பாண்டித்துரை.

எஸ்தர் திருகாணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "பலகைய ஏன் குத்தம் சொல்றீங்க? இத்துனூண்டு ஸ்க்ரூவ ஆணி மாதிரி அடிச்சிருக்கீங்க. இதுல மரை எதுக்கு இருக்கு, அழகுக்கா?"

"கம்பெனில குடுத்தது இதுதான்க்கா."

"மேல படுக்கப்போறது கம்பெனி இல்ல, என் பொண்ணு."

அவளே கீழே ஹார்டுவேர் கடைக்குப் போய், நான்கு மூலைக்கும் விரல் நீள போல்ட்டுகளும் உருளை நட்டுகளும் வாங்கிவந்தாள். பலகையின் பக்கவாட்டில் துளைத்து நட்டைப் புதைக்க வேண்டும். கட்டில் கால் வழியாக போல்ட்டை விட்டு அதில் முறுக்க வேண்டும்.

பாண்டித்துரையின் கையில் டிரில் மெஷின் உறுமிக்கொண்டு வந்தது. பலகை அசையாமல் கிடந்தது.

"அந்தச் சின்ன ஓட்டைக்கு அவ்வளவு முரண்டு பிடித்தாய். இப்போது உன்னை இத்தனை ஆழம் குடைகிறார்களே," என்று சுத்தியல் குத்திக்காட்டியது.

"குடையட்டும். அது கையெழுத்து வாங்கப் போட்ட ஓட்டை. இது தாங்கப் போடுகிற ஓட்டை."

இரண்டு முனையிலும் போல்ட் இறுகியது. எஸ்தர் பலகையைப் பிடித்துத் தொங்கியே பார்த்தாள். இம்மிகூட நகரவில்லை.

பாண்டித்துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் பக்கம் நல்லாத்தானேக்கா நிக்குது. அத அப்படியே விட்டுடலாமே. இன்னும் அஞ்சு வீடு போகணும்."

எஸ்தர் எதிர்ப் பலகையையும் அழுத்திப் பார்த்தாள். அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாவம், பாண்டித்துரையும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. பேனாவை எடுத்தாள்.

சுத்தியல் எதிர்ப் பலகையைப் பார்த்துக் கண்ணடித்தது. "நீ சமத்து. அப்படியே இரு."

எதிர்ப் பலகை ஜெனி படுக்கப்போகிற மேல் தளத்தை ஒரு தடவை பார்த்தது. யாரும் தொடாமலே பிடியை விட்டது.