கோலப்பொடிச் சதுரம்

கோமதி பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். மழலையர் வகுப்புக்கு மாற்றியபோது கொஞ்சம் பொருமினார். வந்து பார்த்த பிறகு, பத்தாம் வகுப்பே தேவலாம் என்று ஆகிவிட்டது. அங்கே பிள்ளைகள் உட்காரவாவது செய்வார்கள்.

இங்கே அவருக்கு வேலை பழக்கியவர் ஜெசிந்தா. வயதில் கோமதியைவிடச் சின்னவர். அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை டீச்சர் என்பார்.

ஒரு நாள் காலையில் கோமதி கேட்டார்.

"டீச்சர், ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறலைன்னு எப்ப முடிவு பண்றது?"

"யாருக்கு ஏறலை?"

"இசக்கிக்குத்தான். இன்னொரு வருஷம் சின்ன வகுப்புலயே இருக்கட்டும்னு நினைக்கேன். அதைச் சொல்ல அவ அம்மாவையும் வரச் சொல்லிட்டேன்."

"விளையாட்டை நடத்துங்கக்கா. நானும் பார்க்கேன்."

முற்றத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றையும் கோமதி பெரிதாக வரைந்திருந்தார். ஸ்கேல் வைத்தது போலக் கோடுகள். கை தட்டி, "சதுரம்" என்றார். பிள்ளைகள் கத்திக்கொண்டு சதுரத்துக்குள் ஓடினார்கள். "வட்டம்" என்றதும் அங்கே பாய்ந்தார்கள்.

இசக்கி மட்டும் சுவரோரம் நின்றாள். மற்றவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"பார்த்தீங்களா? தினமும் இதே கதைதான்" என்றார் கோமதி. அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"எதுல வரைஞ்சீங்க?"

"சாக்பீஸ் தீர்ந்துபோச்சு. கோலப்பொடிலதான்."

ஜெசிந்தா இசக்கியின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"வீட்டு வாசல்ல கோலம் யாரு போடுவா?"

"அம்மா."

"மிதிச்சா?"

"ஏசுவா."

"தாண்டினா?"

"அதுக்கும் ஏசுவா."

ஜெசிந்தா எழுந்தார். மற்ற பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வடிவத்திலும் ஓரிடத்தில் கோட்டைக் காலால் தேய்த்து, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டார்.

"முக்கோணம்" என்றார், கை தட்டாமல்.

இசக்கி ஓடவில்லை. நடந்து போய், அந்த வழியாக முக்கோணத்துக்குள் நுழைந்தாள்.

"வட்டம்."

போனாள்.

"சதுரம்."

அதற்கும் போனாள்.

கோமதிக்குள் இருந்த கணக்கு டீச்சர் சும்மா இருக்கவில்லை.

"அது சரி டீச்சர். ஆனா ஒரு பக்கம் திறந்து கிடந்தா அது சதுரமே இல்லையே."

அதற்குள் சதுரத்தில் நின்ற இசக்கி குனிந்தாள். சிதறிக் கிடந்த பொடியைக் கூட்டி அள்ளி, விட்டிருந்த இடத்தைக் கோணல்மாணலாக இழுத்து மூடினாள்.

"என்ன பண்ணுத?" என்றார் கோமதி.

"கோலத்தைத் திறந்து போடக்கூடாது டீச்சர். அம்மா சொல்லியிருக்கா."



பள்ளிக்கூட கேட் பக்கம் இசக்கியின் அம்மா வந்து நின்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே உள்ளே பார்த்தாள்.

"அவகிட்ட இப்ப என்ன சொல்ல?" என்றார் கோமதி.

"பிள்ளைய நல்லாப் பழக்கியிருக்கீங்கன்னு சொல்லுங்க."

கோமதி இரண்டடி போய்த் திரும்பினார்.

"நான் காலையில கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. எப்பதான் முடிவு பண்றது?"

ஜெசிந்தா பாதத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"முதல்ல நம்ம கோட்டைக் கொஞ்சம் அழிச்சுப் பாருங்கக்கா. அப்புறம் முடிவு பண்ணலாம்."