அபூபக்கரின் ஆறு டின்கள்

ஒரு குருவுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், பிறகு நேரம் இருக்காது.

குருவின் பெயர் மரகதவல்லி. கடற்கரை ஊர் ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இருபது வருஷமாகப் பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் நகல் எடுத்துக் கொடுத்ததில், எந்தக் கிறுக்கலையும் படித்துவிடும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. கடையின் மாடியில் அவர் தொடங்கியதுதான் வேர் தேடுவோர் சங்கம்.

அந்தக் காலத்தில் கப்பலேறி மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்களின் பேரன் பேத்திகள், எங்கள் ஊர் எது, எங்கள் சனம் யார் என்று கேட்டு அந்த மாடிப்படி ஏறுவார்கள். சங்கத்துத் தொண்டர்கள் பதினெட்டுப் பேர் தேடிக் கொடுப்பார்கள். கூலி கிடையாது. டீ உண்டு.

சீடர் சிவக்கொழுந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர், நான்கு வருஷத்தில் சங்கத்தின் செயலாளர் ஆகிவிட்டார். ஊரே அவரை சார் என்றது. குருவும் சார் என்றே கூப்பிட்டார். அவர் குருவை அம்மா என்றார்.

தை மாதம் இரண்டாவது ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழா. ஒரு தொண்டருக்குப் பொன்னாடை போர்த்தி, மாடிச் சுவரில் இருக்கும் பலகையில் அவர் பெயரைப் பெயின்டால் எழுதுவார்கள். பெயருக்கு நேரே, அவர் கண்டுபிடித்துக் கொடுத்த குடும்பங்களின் எண்ணிக்கையும் உண்டு. இந்த வருஷம் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சிவக்கொழுந்திடம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மார்க் பட்டியலே தயாரித்துவிட்டார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலையில், பட்டியலோடு கடைக்கு வந்தார்.

"அம்மா, பதினெட்டுப் பேர்ல உசந்த தொண்டர் யாருன்னு எதை வெச்சுச் சொல்றது?"

குரு யாருடைய ஆதாரையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். "நீங்க எதை வெச்சுப் பாத்தீங்க சார்?"

"ஒரு குடும்பத்துக்கு ஒரு மார்க். குஞ்சிதபாதம் பதினாலு. அவர்தான் முதல்."

"கடைசி?"

"கண்டக்டர் அபூபக்கர். ஒன்பது வருஷமா இருக்கார். வாங்கினது முட்டை."

குரு ஆதாரின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"பட்டியல்லேருந்தே எடுத்துடலாம்னு பாக்கறேன். அவர் எழுதிப் போட்ட கார்டு ஆறு பிஸ்கட் டின் நிறைய இருக்கு, பரண்ல இடத்தை அடைச்சுக்கிட்டு. திங்கட்கிழமை பழைய பேப்பர்காரர் வர்றார்."

"திறந்து பாத்தீங்களா?"

"எதுக்கும்மா? எல்லாத்துலயும் ஒரே விடைதான். இங்கே இல்லை, இங்கே இல்லைன்னு."

குரு இயந்திரத்தின் மூடியைத் திறந்து ஆதாரை எடுத்துக் கொடுத்தார். "திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கே சார்," என்றார்.

அப்போதுதான் ஓர் அம்மாள் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பெயர் புனிதவதி. மலேசியாவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார் பாப்பார்," என்று குரு கையைக் காட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

மாடியில் உட்கார்ந்து புனிதவதி உறையைப் பிரித்தார். உள்ளே மலாயா ரப்பர் தோட்டத்தில் கொடுத்த பழைய அட்டை ஒன்று. நல்லதம்பி என்ற பெயர். ஊர் என்ற இடத்தில் புதூர்.

"எங்க தாத்தா ஐயா. தாத்தாவும் பாட்டியும் போறப்ப மூணு வயசுப் பிள்ளையை ஊர்ல ஆயாகிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க. குப்புசாமின்னு பேரு. ரெண்டு வருஷத்துல வந்துடறோம்னு சொல்லிட்டுப் போனவங்கதான். கையில காசில்ல, அப்புறம் ஜப்பான் சண்டை வந்துடுச்சு, வரவே முடியல."

"உங்க அப்பா?"

"அங்க பொறந்தவர். எண்பத்தெட்டு வயசு. படுக்கையில இருக்கார். அண்ணன் வீட்டு ஆளுங்க யாராச்சும் இருந்தா ஒரு வார்த்தை சொல்லணும்ங்கறார். என்ன வார்த்தைன்னு என்கிட்டயே சொல்லல."

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திருச்சியில பிளைட்."

சிவக்கொழுந்து அலமாரியைத் திறந்தார். சங்கத்து ஊர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் மட்டும் நாற்பத்தொரு புதூர். புதிதாகக் குடியேறியவன் எல்லாம் தன் ஊருக்குப் புதூர் என்றே பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறான். பதினாலு மார்க் குஞ்சிதபாதத்தைப் போனில் கூப்பிட்டு, புனிதவதிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒரு நாளைக்கு நாலு ஊர் போகலாம் சார்," என்றார் அவர். "பத்து நாளாவது வேணும். கெட்டிக்காரத்தனத்துல ஆகிற வேலை இல்லை இது. அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க."

அடுத்த வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் புனிதவதி அட்டையை உறைக்குள் திரும்ப வைக்கத் தொடங்கினார். "அடுத்த வருஷம் நான் இருப்பேன் ஐயா," என்றார்.

சிவக்கொழுந்து தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கினார்.

"நாப்பத்தொரு ஊர் அம்மா. ரெண்டு நாள். என்ன செய்யறது?"

குரு தாளை அடுக்கித் தட்டினார். "பரண்ல இடம் அடைக்குதுன்னீங்களே சார். இறக்கி வெச்சா என்ன?"

அவருக்குச் சுருக்கென்றது. மறுபேச்சில்லாமல் மாடி ஏறி, ஸ்டூல் போட்டு, ஆறு டின்களையும் இறக்கினார்.

அபூபக்கர் டவுன் பஸ் கண்டக்டர். எந்த ரூட்டில் போட்டாலும் கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்புவதற்கு அரைமணி நேரம் கிடைக்கும். மற்றவர்கள் அந்த அரைமணியில் டீ குடிப்பார்கள், கால் நீட்டுவார்கள். அவர் ஊருக்குள் நடப்பார். இங்கிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் உண்டா என்று வயதானவர்களைக் கேட்பார். கோயில் வரி நோட்டு, கல்லறை, பள்ளிவாசல் புத்தகம், எது இருந்தாலும் பார்ப்பார். விசிலுக்கு முன் ஒரு கார்டு எழுதிவிடுவார்.

புதூர் என்று தலைப்பிட்ட கார்டுகளை மட்டும் பிரித்து வைத்து, சிவக்கொழுந்து முதல் கார்டைப் படித்தார்.

'புதூர், பனங்காடு வழி. மலாயா, பர்மா போனவர் யாரும் இல்லை. சொன்னவர் வெள்ளையம்மாள், வயது தொண்ணூறு, நல்ல ஞாபகம். வரி நோட்டும் பார்த்தாச்சு. இங்கே இல்லை.'

அடுத்தது. 'புதூர், மேலவாய்க்கால். ஒருவர் பர்மா போய்த் திரும்பி வந்துவிட்டார். மலாயா யாரும் இல்லை. கிழக்குத் தெருவில் நாய் கடிக்கும், மேற்கே போகவும். இங்கே இல்லை.'

அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. புனிதவதி ஊர்ப் பெயரை வாசிக்க, சிவக்கொழுந்து பட்டியலில் ஒவ்வொரு புதூராக அடித்துக்கொண்டே வந்தார். பத்து. இருபது. முப்பது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஒவ்வொரு இல்லைக்கும் தேட வேண்டிய ஊர் ஒன்று குறைந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தோடு எந்த விடையையும் அவர் அடித்ததில்லை.

நான்கு மணிக்கு முப்பத்தொன்பது ஊர்கள் போய்விட்டன. மிச்சம் இரண்டு கார்டுகள். இரண்டிலும் ஒரே வரிதான்.

'பஸ் போகாது. நான் பார்க்கவில்லை.'

மறுநாள் காலையில் வாடகைக் காரில் கிளம்பினார்கள். முதல் புதூர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். காரைக் கரையில் விட்டுவிட்டுப் பனைமரப் பாலத்தைத் தாண்டி ஒன்றரை மைல் நடந்தார்கள். அங்கே நாகரத்தினம் என்ற கிழவர், புயலுக்குப் பிறகு குடியேறிய ஊர் இது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் வெறும் முள்காடு என்றார். திரும்பி நடந்தார்கள்.

இரண்டாவது புதூர் உப்பளங்களுக்கு அப்பால் இருந்தது. அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சிவக்கொழுந்து கேட்டார். "இந்த ஊர்லேருந்து மலாயாவுக்குப் போனவங்க யாராச்சும் உண்டாம்மா?"

"மலாயாக்காரர் வீடா? தோ, அந்த வேப்பமரத்தடி வீடு."

புனிதவதி சிவக்கொழுந்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் இருந்தவர் தர்மலிங்கம். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நல்லதம்பி என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"எங்கப்பா பேரு குப்புசாமி. மூணு வயசுல விட்டுட்டுப் போனாங்க. ஊரே மலாயாக்காரன் மலாயாக்காரன்னு கேலி பண்ணும். தன்னை வேண்டாம்னுதான் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

புனிதவதி தன் அப்பாவுக்குப் போனைப் போட்டார். "அப்பா, பெரியப்பா மவன் கிடைச்சுட்டார்," என்று சொல்லி, போனைத் தர்மலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து கிழக்குரல் ஒன்று மெதுவாக வந்தது. "நீ குப்புசாமி மவனா? நான் உன் சித்தப்பன்டா. எங்கம்மா தினமும் சாப்பிட உக்காந்தா முதக் கை சோத்த எடுத்து, இது குப்புசாமிக்குன்னு ஓரமா வெச்சிட்டுத்தான் சாப்பிடும். சாவுற அன்னிக்கும் கஞ்சியில ஒரு கரண்டி எடுத்து வெச்சுது. இதச் சொல்லத்தான்டா நான் உசுரோட இருக்கேன்."

தர்மலிங்கம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது மனிதர் வாய்விட்டு அழுதார். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "எங்க அத்தை வந்திருக்கா, இலை போடுங்க," என்று மருமகளிடம் சொன்னார். புனிதவதி அவருக்கு அத்தை இல்லை, தங்கை முறை. யாரும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. தர்மலிங்கம் வேன் பிடித்துப் பதினோரு பேரை அழைத்து வந்திருந்தார். சிவக்கொழுந்து மைக்கைப் பிடித்தார். மார்க் பட்டியலைக் காணோம். ஆறு டின்களை மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தார்.

"இந்த வருஷப் பொன்னாடை அபூபக்கருக்கு," என்றார். டின்களைக் கையால் காட்டினார். முதலில் கைதட்டியது குஞ்சிதபாதம்தான். அப்புறம் மாடியே அதிர்ந்தது.

பெயின்டர் பலகையில் பெயரை எழுதிவிட்டுத் திரும்பினார். "சார், நம்பர்?"

"அறுநூத்திப் பன்னண்டு."

"கட்டம் ரெண்டு நம்பருக்குத்தான் சார் போட்டிருக்கு."

"கட்டத்தை உடைங்க."

டின்களில் இருந்த கார்டுகள் அத்தனையையும் முந்தின நாள் மாலையில் அவர் தன் கையாலேயே எண்ணியிருந்தார்.

அபூபக்கர் காக்கிச் சட்டையோடு கதவோரம் நின்றிருந்தார். பதினொன்று நாற்பதுக்கு அவர் வண்டி. முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புனிதவதிதான் பொன்னாடையைப் போர்த்தினார். போர்த்திவிட்டு அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தர்மலிங்கத்தின் பேரன் பேத்திகள் டின்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று மைக்கைக் கொடுத்தார்கள். அபூபக்கருக்குக் கூச்சம். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"சார், ஆத்துக்கு அந்தாண்ட இருக்கற புதூருக்கும் போனீங்கன்னு சொன்னாங்களே. அங்க இருந்தாங்களா?"

"இல்லை."

"கார்டு எழுதிட்டீங்களா?"

மாடி சிரித்தது. சிவக்கொழுந்து சிரிக்கவில்லை. நான்கு வருஷத்தில் அவர் எத்தனையோ ஊர்களுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். ஒன்றைக்கூட எழுதி வைத்ததில்லை.

"எழுதலை," என்றார்.

"எழுதிடுங்க சார். அடுத்து வர்றவங்க வீணா ஒன்றரை மைல் நடக்க வேணாம்."

சட்டைப் பையிலிருந்து வெற்றுக் கார்டு ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, அபூபக்கர் தடதடவென்று படியிறங்கினார். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். காக்கிச் சட்டைமேல் பொன்னாடையோடு அவர் எதிரே நின்ற பஸ்ஸின் படியில் தொற்றி ஏறி, இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. உள்ளே இருந்த பயணிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்றாலும் மாடியிலிருந்து கைதட்டல் வந்ததால் அவர்களும் தட்டினார்கள்.

சிவக்கொழுந்து மேஜையில் உட்கார்ந்து எழுதினார். 'புதூர், ஆற்றுக்கு அக்கரை. நாற்பது வருஷ ஊர். கடல் தாண்டிப் போனவர் இல்லை. சொன்னவர் நாகரத்தினம், வயது எழுபத்தாறு. பனைமரப் பாலத்தில் வழுக்கும். இங்கே இல்லை.'

கார்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். குரு கடையைத் திறந்து இயந்திரத்துக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தார். கார்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"நாலு வருஷமா செயலாளர்னு உக்காந்திருக்கேன் அம்மா," என்றார் சிவக்கொழுந்து. "எனக்கு என்ன மார்க்?"

குரு மேஜைக்கு அடியிலிருந்து காலி பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். முந்தானையால் உள்ளே துடைத்து, கார்டை அதில் நிற்க வைத்து, அவரிடம் நீட்டினார்.

"வாங்க சார். இன்னிக்குத்தான் சங்கத்துல சேர்ந்திருக்கீங்க."